காவிரித் தண்ணீரில் கரையும் மாத்திரை! காய்ச்சினாலும் போகாது!

திருச்சி,

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. விடியற்காலை 5 மணிக்கே கூட்டம். ஒரு பக்கம் முழுக்கு. ஒரு பக்கம் தர்ப்பணம். முங்கி எழுந்தவர்கள் தண்ணீரை ஒரு கை அள்ளி, "காவேரித் தாயே" என்று வாயில் விட்டுக்கொள்கிறார்கள்.

ஆடி மாதத்தில் பெருமாளே இந்த மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாய்க்குப் புடவை, மஞ்சள், குங்குமம் என்று சீர் கொடுக்கிறார். அப்பேர்ப்பட்ட தண்ணீர்!

அந்தத் தண்ணீருக்கு நாம் கொடுக்கும் சீர் என்ன தெரியுமா?

வலி மாத்திரை. ரத்தக் கொதிப்பு மாத்திரை. வலிப்பு நோய் மருந்து. காரீயம். குரோமியம். நிக்கல்.

சும்மா மிரட்டுவதற்காகச் சொல்லும் கதை அல்ல இது. ஆற்றில் தண்ணீர் எடுத்து, மெஷினில் வைத்துப் பார்த்து விஞ்ஞானிகள் சொன்ன சேதி.

2 வருடச் சோதனை

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் லிஜி பிலிப் தலைமையில் ஒரு குழு காவிரி நெடுகத் தண்ணீர் எடுத்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 2 வருடம்! மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் பார்த்து முடிவை 2021-ல் வெளியிட்டார்கள்.

குடிதண்ணீருக்காக ஆற்று நீரை எடுக்கும் இடங்களில்கூட மருந்துகள் கலந்திருந்தன. இபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகிய வலி மருந்துகள். அட்டெனலால் என்ற ரத்தக் கொதிப்பு மருந்து. கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து. சிப்ரோபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி. போதாக்குறைக்குக் காபியில் இருக்கிற கஃபீன்! (ஆற்றுக்கும் காலையில் காபி வேண்டியிருக்கிறது போலும்.)

உலோகங்களும் குறைவில்லை. ஆர்சனிக், துத்தநாகம், குரோமியம், காரீயம், நிக்கல் என்று பட்டியல் நீளுகிறது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மழைக்காலம் முடிந்த பிறகுதான் அழுக்கு அதிகமாக இருந்தது. ஆற்றில் ஓட்டம் குறைந்துவிடுகிறது. சாக்கடையோ குறைவதில்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

திருச்சியிலேயே கண்டுபிடிப்பு

இதற்கும் பத்து வருடம் முன்பே, நம்ம திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இந்த வேலை நடந்தது பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டை ரோட்டில் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே, அதே பல்கலைக்கழகம்தான்.

காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய 3 ஆறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து 2011-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. வலிப்பு மருந்தும், சோப்பு பற்பசையில் சேர்க்கும் டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லியும் அதில் அகப்பட்டன. 2014-ல் வலி மாத்திரைகளைப் பற்றித் தனியாக இன்னொரு கட்டுரை வந்தது.

தாமிரபரணியில் ஒரு இடத்தில் லிட்டருக்கு 5 ஆயிரம் நானோகிராமுக்கு மேல் டிரைக்ளோசான்! நானோகிராம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 10 தண்ணீர் லாரியில், அதாவது 1 லட்சம் லிட்டரில் கரைத்தால் வருகிற அளவுதான் அது.

"பூ, இவ்வளவுதானா?" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதற்கும் வருவோம்.

எப்படி வந்து சேருகிறது?

ஆற்றில் யாரும் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. மனிதன் வழியாகத்தான் போகிறது.

விழுங்குகிற மாத்திரை முழுவதும் உடம்பில் தங்குவதில்லை. அட்டெனலால் போன்ற மாத்திரைகளில், ரத்தத்தில் சேர்ந்தது பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வந்துவிடும். சிப்ரோபிளாக்சசினிலும் கணிசமான பங்கு மாறாமல் வெளியேறும். அது கக்கூசில் இருந்து சாக்கடைக்குப் போகிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து ஆறு.

இன்னொரு வழியும் உண்டு. டாக்டர் 5 நாளைக்கு மாத்திரை எழுதித் தருகிறார். 3-வது நாள் ஜுரம் விட்டுவிடுகிறது. "சரியாப் போச்சு, இனி எதுக்கு?" என்று மிச்ச மாத்திரை அலமாரியில் தூங்குகிறது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது தேதி முடிந்த மாத்திரை ஒரு பை நிறையக் கிடைக்கும். பாதி குப்பைத் தொட்டிக்கு, பாதி கக்கூசுக்கு!

புத்தூர், தில்லைநகர் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி. "எல்லாம் ஆஸ்பத்திரிக் கழிவுய்யா" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தேதி முடிந்த மருந்தை ஆஸ்பத்திரிகள் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதி சொல்கிறது. வீட்டு அலமாரிக்கு அந்த விதி கிடையாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று தினமும் இரண்டு வேளை மாத்திரை போடுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டில்தான் இருக்கிறார்கள்.

மேலூர் கழிவு கீழூருக்கு!

திருச்சிக்குக் குடிதண்ணீர் கம்பரசம்பேட்டையிலும், கொள்ளிடத்திலும் ஆற்றுப் படுகைக் கிணறுகளில் இருந்து வருகிறது. நமக்கு மட்டுமா? ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சிக் காவிரியில் இருந்துதான் குழாய் போகிறது. உப்புத் தண்ணீர் குடித்துக் கிடந்த ஊர்களுக்கு அது அமிர்தம்.

நம் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது? பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் வந்திருக்கிறது அல்லவா, அந்தப் பக்கம்தான் மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து கோரையாறு. கோரையாறு புத்தூர் கலிங்கைத் தாண்டிக் குடமுருட்டியாகிக் காவிரியில் சேருகிறது.

குடமுருட்டி சேருவது கம்பரசம்பேட்டைக்குக் கீழே. எனவே திருச்சி நகரத்து மாத்திரை கம்பரசம்பேட்டைக் கிணற்றுக்கு வருவதில்லை. அப்பாடா என்று மூச்சுவிட வேண்டாம். குடமுருட்டிக்குக் கீழேதான் அம்மா மண்டபம் இருக்கிறது. அதற்கும் கீழே கல்லணை, தஞ்சாவூர் ஜில்லா, டெல்டா முழுவதும்.

அதேபோல் நமக்கு மேலே இருப்பவர்கள் அனுப்புவது நமக்கு!

பெங்களூர் சாக்கடையில் ஒரு பகுதி விருஷபாவதி என்ற ஆற்றில் விழுந்து, அர்க்காவதியில் சேர்ந்து, காவிரிக்கு வருகிறது. பிறகு மேட்டூர். பிறகு பவானி, ஈரோட்டுச் சாயப்பட்டறை, தோல் ஷாப். திருப்பூர்ச் சாயத்தைச் சுமந்துகொண்டு நொய்யல் வருகிறது. கரூர்ப் பக்கம் அமராவதி திருமுக்கூடலூரில் சேருகிறது. அதற்குப் பிறகுதான் முக்கொம்பு. காவிரி திருச்சிக்கு வருவதற்குள் இத்தனை ஊரைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறாள்.

நொய்யல் கதை கோர்ட்டுக்குப் போன கதை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது. அதில் சாயத் தண்ணீர் நிரம்பி, விவசாயிகளே "திறக்காதே" என்று போராடும் நிலை வந்தது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு 2011 ஜனவரியில் உத்தரவு போட்டது. ஊரே ஸ்தம்பித்தது. சுத்திகரிப்பு வசதி செய்த பிறகுதான் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சாயமாவது கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பாகவோ நீலமாகவோ வந்தால் ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள். மாத்திரைக்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை. கூச்சலும் இல்லை.

உய்யக்கொண்டான் பாடு

ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால் என்று பெருமையாகச் சொல்கிறோம். பேட்டைவாய்த்தலையில் காவிரியில் பிரிந்து, திருச்சி நகரத்தின் நடுவே புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிறது. பாசனம் சுமார் 32 ஆயிரம் ஏக்கர்.

நகரத்துக்குள் வந்ததும் வாய்க்காலா, சாக்கடையா என்று சந்தேகம் வந்துவிடும். கரையில் சில இடங்களில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் வாக்கிங் போகிறவர்கள் கைக்குட்டையோடு போகிறார்கள். அதே தண்ணீர்தான் கிழக்கே போய் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கிறது. சாக்கடை அழுக்கு மண்ணில் மக்கிவிடும். உலோகம் மக்காது. காரீயம் என்றைக்கும் காரீயம்தான்.

விநாயகர் சதுர்த்தி வந்தால் காவிரிப் பாலத்தில் சிலை கரைப்பு. களிமண் பிள்ளையார் கரைந்துவிடுவார். அவர் மேல் அடித்த பளபள பெயிண்ட்? வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2017 நவம்பரில் இருந்து சட்டம். சிலைக்கு ரசாயன பெயிண்டே கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய விதிமுறையில் சொல்லியிருக்கிறது. சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

காய்ச்சினால் போகாதா?

"நாங்க காய்ச்சி ஆறவெச்சுத்தான் குடிக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் உண்டு. நல்ல பழக்கம். காலராக் கிருமி சாகும், டைபாய்டு கிருமி சாகும்.

காரீயம் சாகாது! ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது. காரீயமும் குரோமியமும் பாத்திரத்திலேயே நிற்கும். பார்க்கப்போனால் கொஞ்சம் கெட்டியாகவே நிற்கும்.

குளோரின் போட்டாலும் உலோகம் போகாது. மாத்திரையில் சில மாறும், சில மாறாது. வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருந்தால் உலோகம் பெரும்பாலும் நின்றுவிடும், மருந்துகளும் பலவும் நின்றுவிடும். ஆனால் அந்த மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது? திரும்பவும் சாக்கடைக்குத்தான். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு அந்த மெஷினும் இல்லை.

மணல்தான் வடிகட்டி!

திருச்சிக்காரர்களுக்கு ஒரு புண்ணியம் உண்டு. நம் குடிதண்ணீரை ஆற்றின் மேல் ஓட்டத்தில் இருந்து அப்படியே மொள்வதில்லை. படுகையில் மணலுக்குக் கீழே இறங்கி, ஊறி வருகிற தண்ணீரைத்தான் கிணற்றில் சேர்த்து இறைக்கிறார்கள். மணலும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வலி மாத்திரைகளில் சிலவற்றை அந்த நுண்ணுயிர்களே தின்றுவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஜெர்மனியில் பெர்லின் நகரத்துக்கும் இதேபோல் கரை மணலில் ஊறிய தண்ணீர்தான். அங்கே சோதித்தபோது கார்பமசெபின் மணலைத் தாண்டி வந்தது. காவிரியில் ஐ.ஐ.டி.க்காரர்களுக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தாருக்கும் அகப்பட்டதே, அதே வலிப்பு மருந்துதான்!

மணல் தடிமனாக இருந்தால் வடிகட்டலும் நன்றாக இருக்கும். அந்த மணலைத்தான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் லாரி லாரியாக அள்ளினார்கள். 2018 ஆகஸ்டு 22-ந் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் பழைய மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது, ஊர் முழுக்க மணல் கொள்ளையைப் பற்றித்தான் பேச்சு. மதகு போனதைப் பார்க்க பஸ் பிடித்து ஜனம் வந்தது. வடிகட்டி போனதை யாரும் பார்க்கவில்லை.

கழுகு செத்த கதை

இத்தனூண்டு மருந்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கேஸ்.

டைக்ளோபினாக் மாட்டுக்கும் கொடுத்து வந்த மருந்து. மாடு செத்தால் பிணந்தின்னிக் கழுகு தின்னும். தின்ற கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சிறுநீரகம் கெட்டுப்போய்ச் சாவு. காரணம் என்ன என்று வருடக்கணக்கில் தெரியாமல் விழித்தார்கள். இந்த மருந்துதான் குற்றவாளி என்று 2004-ல் நிரூபணம் ஆனது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை. அதற்குள் நாட்டில் இருந்த கழுகுகளில் 100-க்கு 95-க்கு மேல் காலி! தமிழ்நாட்டில் இன்றைக்குக் கழுகைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

மனிதனுக்கு அப்படி ஆகுமா? ஆகும் என்று சொன்னால் அது புளுகு. உலக சுகாதார நிறுவனம் 2012-ல் இதைப்பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. குடிதண்ணீரில் காணப்படும் இந்தச் சொற்ப மருந்தால் மனித உடம்புக்குக் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் அது சொன்னது. எனவே நாளைக்கே யாரும் சுருண்டு விழப்போவதில்லை.

காரீயம் அப்படி இல்லை. குழந்தைகள் மூளையில் அது வேலையைக் காட்டும். படிப்பு ஏறாது. இதற்கு மேல் போனால்தான் ஆபத்து என்று கோடு கிழிக்க முடியாத விஷம் அது. ஆர்சனிக் வருடக்கணக்கில் உள்ளே போனால் தோலில் புள்ளி விழும், புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

கிருமிக்கொல்லி மருந்தின் கதையும் வேறு. அது ஆற்றில் சொற்பமாகக் கிடந்தால் கிருமிகள் அதைப் பழகிக்கொள்ளும். பழகிய கிருமி ஆளைப் பிடித்தால் அதே மருந்து அப்புறம் கேட்காது. ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்துக் கம்பெனிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரை சுவீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின்! அந்த மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அதுவும் "சுத்திகரித்த" தண்ணீர்!

வந்தது, போனது!

சர்க்காருக்குத் தெரியாதா? தெரியும்.

மருந்துத் தொழிற்சாலைக் கழிவில் எந்தக் கிருமிக்கொல்லி எவ்வளவு இருக்கலாம் என்று அளவு கட்டி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஒரு வரைவு விதி போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகள் அந்தப் பட்டியலில் இருந்தன. உலகத்திலேயே இப்படிச் செய்யும் நாடு இந்தியாதான் என்று வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள்.

2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. அந்த அளவுகளைக் காணோம்! ஆளைக் காணோம் என்றால் போலீசில் புகார் கொடுக்கலாம். இதற்கு யாரிடம் கொடுப்பது?

சுவிட்சர்லாந்தில் 2016 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களில் மருந்தைப் பிடிப்பதற்கென்றே கூடுதல் தொட்டி வைக்கச் சட்டம். ஓசோன் வாயு விடுகிறார்கள், அல்லது கரித்தூள் போடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 2024-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் செலவில் 100-க்கு 80 பங்கையாவது மருந்துக் கம்பெனியும் அழகுசாதனக் கம்பெனியும் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கின்றன.

மிச்ச மாத்திரைக்கு எங்கே போக்கிடம்?

கேரளாவில் 2025-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்து, வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் திரும்ப வாங்கி எரிக்கும் திட்டம் கொண்டுவந்தார்கள்.

அதே 2025-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை. பென்டனைல், டிரமடால் போன்ற 17 மருந்துகளைக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறது! குழந்தைகள் எடுத்துத் தின்றுவிட்டால் ஒரே மாத்திரையில் உயிர் போகலாம், போதைக்காரர்கள் திருடலாம் என்பதால் அந்த 17-க்கு மட்டும் விதிவிலக்கு. மற்ற மாத்திரை எதையும் கக்கூசிலோ சிங்க்கிலோ கொட்டக்கூடாது. ஜனங்கள் இதில் "கக்கூசில் போடலாம்" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டால் சிக்கல்தான்.

தண்ணீரில் உலோகம் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடம் திருச்சியிலேயே உண்டு. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், பணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. 20 லிட்டர் கேன் ஒன்றுக்கு ஒரே ஒரு மில்லிகிராம். காரீயம் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. ஆர்சனிக், நிக்கல், பாதரசம், காட்மியம் எல்லாவற்றுக்கும் அந்தத் தரப்பட்டியலில் இடம் உண்டு.

வலி மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை, வலிப்பு மாத்திரை? அதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.